அறுபத்தோராம் பக்கத்தில் இருந்த கோப்பு

அந்த பேட்டரித் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த பெண்மணியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளி முதல் பெரிய மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த ஸ்டோர் கிளார்க்கும்கூட, சரக்குப் பட்டியல் வராத நாளில், "அக்கா, கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்" என்று கதவருகே வந்து நிற்பார். நாமும் அக்கா என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

அக்காவின் ராஜ்யம் பன்னிரண்டடிக்குப் பத்தடி. நடுவில் ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர், ஆளுயர அலமாரி அளவு. மேசைமேல் வைக்கிற சின்ன ரகமும் இல்லை, ஒரு மாடி முழுக்க அடைத்துக்கொள்ளும் பெரிய ரகமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அதற்குக் குளிர் வேண்டும் என்பதால் வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அக்கா உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. படமும் கிடையாது, மவுஸும் கிடையாது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். இருபத்தாறு வருடத்தில் அது நின்றுபோனது இரண்டே தடவை, அந்த இரண்டும் கரண்ட்டுக்காரன் செய்த தப்பு என்று அக்கா விட்டுக்கொடுக்காமல் பேசுவார்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் எல்லாமே கோப்புதான். ஆட்களின் வருகை ஒரு கோப்பு, ஈயக் கட்டிகளின் இருப்பு ஒரு கோப்பு, லாரிகள் வந்து போனது ஒரு கோப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக்குள் ஒரு பெயர், ஐம்பது எழுத்துக்குள் ஒரு விவரம். பெயர் கம்ப்யூட்டருக்கு, விவரம் மனிதனுக்கு. பெயரைப் பார்த்து ஒன்றும் விளங்காது. பிரிவுக்கு ஓர் எழுத்து, அதன் பின்னால் ஓர் இலக்கம், அவ்வளவுதான். பிரிவெழுத்து கிடைக்காத அனாதைக் கோப்புகளை எல்லாம் 'பொது' என்ற பிரிவில் தள்ளிவிடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அறிய விவரத்தைத்தான் நம்ப வேண்டும்.

நம்பலாம், நம்புகிற மாதிரி எழுதியிருந்தால். அந்த அறையில் ஒரு பழக்கம் இருந்தது. புதுக் கோப்பு வேண்டுமென்றால் யாரும் முதல் வரியிலிருந்து தொடங்கமாட்டார்கள். ஏற்கெனவே இருக்கிற ஏதோ ஒரு கோப்பின் வரைவை, அதாவது அதில் என்னென்ன பத்தி வர வேண்டும் என்ற குறிப்பை, நகலெடுத்து, வேண்டாத வரிகளை அடித்து, வேண்டியதைச் சேர்த்து, 'உருவாக்கு' என்று கம்ப்யூட்டரிடம் சொல்வார்கள். விவரம் இன்னதென்று நாமாகச் சொல்லாவிட்டால், நகலெடுத்த வரைவின் பழைய விவரத்தையே அது புதுக் கோப்புக்கும் ஒட்டிவிடும். "அப்புறம் மாத்திக்கலாம்" என்பார்கள். அந்த அப்புறம் ஒரு நாளும் வந்ததில்லை. லாரி டயர் என்று விவரம் போட்ட கோப்பில் விடுமுறை நாட்கள் இருக்கும். 'பழசு, தொடாதே' என்ற கோப்பைத்தான் தினமும் அறுநூறு பேர் தொட்டுக்கொண்டிருப்பார்கள். அறையில் மூன்று பேர் இருந்த காலத்தில் இது பெரிய வேடிக்கை. எது எதுவென்று மூவருக்கும் தலைகீழ்ப் பாடம். பிறகு ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் செத்துப்போனார். அக்கா மட்டும் மிஞ்சினார்.

அக்காவின் கணவர் அதே தொழிற்சாலையில் வார்ப்புப் பிரிவில் மேஸ்திரி. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றித் தகடாக எடுக்கிற இடம். இருபத்துநான்கு வருடம் அந்தப் புகையில் நின்றார். கல்யாணமான புதிதில் அக்கா அவர் சட்டையைத் தனியாகத் துவைப்பார். வாளியின் அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல் படியும். அவர் வேலையை விட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. விட்ட பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டியது. முதலில் வலது மணிக்கட்டு தொங்கியது. டம்ளரைப் பிடித்தால் கை தானாகக் கவிழும். பிறகு மறதி. பிறகு சிறுநீரகம் இரண்டும் கைவிரித்தன. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்தால்தான் ஆள் இருப்பார் என்று சொல்லிவிட்டார்கள்.

தொழிற்சாலையின் மருத்துவமனையில் அந்த மெஷின் ஆறு இருந்தது. வேலையால் வந்த நோய் என்று மருத்துவக் குழு ஒத்துக்கொண்டால் உயிர் உள்ளவரை அங்கேயே செய்வார்கள். குழு முடிவெடுக்கும்வரை தற்காலிகமாக ஆறு மாதம் என்று மேஸ்திரிக்கு மெஷினருகே ஒரு நாற்காலி கொடுத்தார்கள். வெளியே அப்படி ஒரு நாற்காலி கிடைக்கப் பெயர் கொடுத்து இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். இரண்டு வருடம் காத்திருக்கிற உடம்பா அது?

அவரை முதன்முதலில் அந்த நாற்காலியில் உட்கார வைத்த அதே வாரம்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேனேஜர் வந்து சேர்ந்தார். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டுப் புதிய ஏற்பாட்டுக்கு மாற்றுவது அவர் பொறுப்பு. எதற்கெடுத்தாலும் கெடு, கெடு என்று பேசியதால் நாலே நாளில் அவருக்குப் பெயரே கெடு ஆகிவிட்டது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. பொறுமை என்பதை மட்டும் எங்கோ விற்றுவிட்டு வந்த மனிதர்.

"மொத்தம் எத்தனை கோப்பு இருக்கு?" என்று கேட்டார் கெடு.

"பதினோராயிரத்துச் சொச்சம் சார்."

"அத்தனையும் புதுசுக்குக் கொண்டுபோக முடியாது. எது வேணும், எது வேண்டாம்னு ஒரு பட்டியல் வேணும். பத்து நாள்ல."

"பதினோராயிரத்தையும் திறந்து பார்க்க பத்து மாசம் ஆகும்."

"திறக்கச் சொன்னது யாரு? ஒவ்வொண்ணுக்கும் விவரம்னு ஒண்ணு இருக்கில்ல? அதைப் புரோகிராம் போட்டு எடுங்க. சோதனை, தற்காலிகம், நகல், பழசு, இப்படி இருந்தா விட்டுடுங்க. மத்ததை எடுத்துக்கலாம். சிம்பிள்."

சும்மா சொல்லக்கூடாது, அக்காவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒரு கோப்பின் விவரத்தைத் திரையில் பார்ப்பது யாருக்கும் வரும். புரோகிராம் போட்டு எடுப்பது வேறு வித்தை. கோப்பின் பெயரைக் கொடுத்து, விவரத்தை வாங்கிக்கொள்ள எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்றும் சொல்லிக் கேட்க வேண்டும். இடம் போதாவிட்டால் கம்ப்யூட்டர் பாதியில் வெட்டிவிடும். ஆகவே அக்கா இரண்டு முறை கேட்டார்: முதலில் எட்டே எட்டு பைட், எட்டெழுத்துக்கான இடம், மட்டும் கொடுத்து, உனக்கு மொத்தம் எவ்வளவு இடம் வேண்டும் என்று, அது சொன்ன அளவை ஒதுக்கிக்கொண்டு, இப்போது கொட்டு என்று. அது கொட்டுவதும் ஒழுங்காக இருக்காது. இத்தனையாவது இடத்திலிருந்து எண்ணினால் விவரம், இன்ன இடத்திலிருந்து உருவான தேதி, இன்ன இடத்தில் எத்தனை பத்திகள் என்று விரல்விட்டு எண்ணித்தான் பொறுக்க வேண்டும். ஒரு பிற்பகலில் எழுதி முடித்தார். கெடு கேட்காமலேயே, ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை வரிகள் இருக்கின்றன என்பதையும் தனியாகக் கேட்டு வாங்கிப் பட்டியலில் சேர்த்தார். அது அவருடைய கௌரவம்.

பதினோராயிரத்து நானூற்றறுபது கோப்புகள். புரோகிராம் ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டது. 'எடு' ஒரு பக்கம், 'விடு' ஒரு பக்கம். விடு மட்டும் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு. அச்சடித்தால் எழுபத்தொன்பது பக்கம். பக்கத்துக்குப் பக்கம் அக்கா பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது கெடுவின் ஏற்பாடு. அறையை அறிந்தவர் அவர் ஒருவர்தானே.

பார்க்கத்தான் செய்தார். பத்துப் பதினைந்து பக்கம் புரட்டியதுமே ஏதோ உறுத்தியது. சோதனை என்று போட்ட கோப்பில் இருபதாயிரம் வரி, முப்பதாயிரம் வரி. சோதனைக்கு யார் முப்பதாயிரம் வரி போடுவார்கள்? எழுந்து போய்க் கெடுவிடம் சொன்னார்.

"விடு பட்டியல்ல சிலது பெரிசா இருக்கு சார். விவரம் பழைய நகலோடதா இருக்கலாம். திறந்து பார்த்துடறது நல்லது."

"எத்தனை?"

"இருநூத்திப் பத்து."

"எத்தனை நாள் ஆகும்?"

"நாலு நாள்."

"இன்னைக்கு சாயங்காலம் பட்டியல் போகணும் அக்கா. உங்களுக்கு முக்கியம்னு தோணுறதை மட்டும் பாருங்க. மத்தது போகட்டும்."

அக்கா மணியைப் பார்த்தார். மூன்றரை. நாலு மணிக்கு மேஸ்திரியை மெஷினிலிருந்து இறக்குவார்கள்; இறக்கியதும் தலை சுற்றும், தனியாக எழுந்தால் விழுந்துவிடுவார், அந்த வாரத்தில் ஒரு தடவை விழுந்தும் இருந்தார். பெரிதாக இருந்தவற்றில் முதல் பக்கங்களில் வந்த நாற்பதை அவசர அவசரமாகத் திறந்து பார்த்து, ஆறை 'எடு'வுக்கு மாற்றினார். மற்றவற்றின் விவரத்தை மட்டும் ஓட்டமாகப் பார்த்துக்கொண்டே கையெழுத்து, கையெழுத்து, கையெழுத்து. எழுபத்தொன்பது. நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு மருத்துவமனைப் படியில் மூச்சிரைக்க நின்றார். மேஸ்திரி அன்றைக்கு விழவில்லை.

அடுத்த மாதம் கறுப்புக் கம்ப்யூட்டரை நிறுத்தினார்கள். 'எடு' எல்லாம் புதியதுக்குப் போயின. அவற்றை டேப்பிலும் பதிந்து வைத்தார்கள். பழைய டேப்புகளை, பாதுகாப்பு விதி என்று, பெட்டி பெட்டியாக ஒரு லாரியில் ஏற்றிப் போய் நறுக்கினார்கள். கம்ப்யூட்டரின் வட்டுகளில் ஓட்டை போட்டு, போட்டாயிற்று என்று ஒரு சான்றிதழும் வந்தது. அறை காலியானதும் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டார்கள். அக்கா ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாடியில் கொடுத்த புது மேசைக்குப் போனார்.

நாலாவது மாதம் மருத்துவக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. மேஸ்திரி வேலையில் இருந்த காலத்தில் அவர் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருந்தது என்ற அளவுகள் வேண்டும். அவர் ஒருவருக்கு மட்டுமல்ல. வார்ப்புப் பிரிவில் வேலை பார்த்து நோயில் விழுந்த இன்னும் ஏழு பேருக்கும் அதே கடிதம். இப்போது ரத்தம் எடுத்துப் பார்க்கலாமே என்று அக்கா மருத்துவமனை டாக்டரைக் கேட்டார்.

"இப்போ எடுத்தா கம்மியாதான் காட்டும்மா. வேலையை விட்டு நாலு வருஷம் ஆச்சில்ல? ரத்தத்துல இருந்தது இறங்கிடும். செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டுத்தான் இறங்கும். அப்போ எடுத்த நம்பர்தான் வேணும்."

அந்த நம்பர்கள் எங்கே? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நர்ஸ் எல்லோருக்கும் ஊசி குத்தி எடுத்ததுதான். ஆட்களிடம் சீட்டு எதுவும் கொடுத்ததில்லை. கூடுதலாக இருந்தால், "ரெண்டு வாரம் பேக்கிங் பக்கம் போங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். அளவை நர்ஸ் நேராகக் கம்ப்யூட்டர் திரையில் ஏற்றிவிடுவார். காகிதமே வேண்டாம் என்பதுதான் அந்தக் காலத்துப் பெருமை. இரண்டு வருடமாக அந்தப் பரிசோதனை வெளி லேபுக்குப் போய்விட்டதால், பழைய திரையை யாரும் திறக்கவுமில்லை, தேடவுமில்லை.

மெஷின் அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு உண்டு. அந்த ஏழு பேரின் மனைவிமாரும் அதில்தான் காத்திருப்பார்கள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணீரும் கம்பலையுமாக இருந்தவர்களைப் பார்த்து அக்கா சொன்னார்:

"இதுக்கு ஏன் அழறீங்க? எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தினதுதான். கம்ப்யூட்டர்ல இருந்தா என் கையில இருக்கிற மாதிரி. ரெண்டு நாள்ல எடுத்துத் தர்றேன்."

பெருமைக்குச் சொன்னதில்லை. அப்படித்தான் நம்பினார்.

புதிய ஏற்பாட்டில் தேடினார். ரத்தம் என்று தேடினார், ஈயம் என்று தேடினார், பரிசோதனை என்று தேடினார். ஈயக் கட்டி இருப்பு வந்தது, தண்ணீர்ப் பரிசோதனை வந்தது, ரத்தம் வரவில்லை. மருத்துவமனைக்குப் பிரிவெழுத்தே கிடையாது, அதன் கோப்பு 'பொது'வில்தான் கிடந்திருக்கும் என்பது மூன்றாம் நாள் ஞாபகம் வந்தது. பழைய அறையிலிருந்து வந்த அலமாரியில், அந்தக் காலத்துப் புரோகிராம்களை அச்சடித்து வைத்த கட்டுகள் இருந்தன. மருத்துவமனைத் திரைக்கான புரோகிராமைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். முதல் பக்கத்திலேயே இருந்தது, அது எந்தக் கோப்பைத் திறக்கிறது என்று. பொது, நானூற்றுப் பதினேழு.

விடு பட்டியலின் நகலை எடுத்து மேசைமேல் விரித்தார். உருவான தேதி வரிசையில், புதியது முதலில் வர அடுக்கியது என்பதால் பெயரைத் தேட ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. அறுபத்தோராம் பக்கம், மேலிருந்து பதினான்காவது வரி. பொது நானூற்றுப் பதினேழு. விவரம்: கேன்டீன் டோக்கன் எண்ணிக்கை, சோதனை. உருவாகிப் பத்தொன்பது வருடம். வரிகள் நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. முடிவு: விடு. பக்கத்தின் கீழே அக்காவின் கையெழுத்து.

யார் உருவாக்கியது என்று இன்னொரு பத்தி இருந்தது. அதைப் பார்க்காமலே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறையில் கேன்டீன் வேலையைப் பார்த்தது அவர் ஒருவர்தான். மருத்துவமனைக்குக் கோப்பு வேண்டும் என்று கேட்டபோது, கையருகே இருந்த கேன்டீன் சோதனை வரைவை நகலெடுத்து, டோக்கன் எண்ணிக்கை என்ற வரியை அடித்துவிட்டு ஈய அளவு என்று எழுதி, 'உருவாக்கு' என்றிருக்கிறார். விவரத்தை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். அந்த நாள் அவருக்கு ஞாபகம்கூட இல்லை. வேறு ஒருவர் தப்பு என்றால் கத்தியாவது இருக்கலாம். யாரைப் போய்க் கத்துவது?

எழுந்து கெடுவிடம் போனார். டேப், வட்டு, எங்காவது ஒரு நகல், ஏதாவது? கெடு நாலு இடத்துக்குப் போன் செய்தார். உண்மையாகவே முயன்றார், அதையும் சொல்ல வேண்டும். கடைசியில் போனை வைத்துவிட்டு, அக்கா முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இல்லை அக்கா. விடுன்னா விட்டதுதான்."

குழு கூடிய நாள் அக்கா போனார். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: தொழிற்சாலை டாக்டர், ஆள் நிர்வாக அதிகாரி, வெளியிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா. அக்கா பழைய புரோகிராம் கட்டையும் அறுபத்தோராம் பக்கத்தையும் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை ஒளிக்காமல் சொன்னார். கோப்பு இருந்தது, அதில் ஈய அளவு என்ற பத்தி இருந்தது, திரையின் தலைப்பே அதற்குச் சாட்சி, நாற்பத்தோராயிரம் வரிகள் இருந்தன.

ஆள் நிர்வாக அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"கோப்பு இருந்துச்சு, நாங்க ஒத்துக்கறோம். அதுல உங்க வீட்டுக்காரருக்கு என்ன நம்பர் இருந்துச்சு?"

"அது... தெரியாதுங்க."

"அதிகமா இருந்துச்சா, கம்மியா இருந்துச்சா?"

"அதிகமாத்தான் இருந்திருக்கும். பேக்கிங்குக்கு மாத்தி மாத்தி அனுப்பினாங்களே."

"மாத்தினதுக்கு ஆர்டர் இருக்கா?"

"வாயால சொன்னதுங்க."

"வேண்டாம்னு கையெழுத்து போட்டது யாரு?"

"நான்தாங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். வெளி டாக்டரம்மா மட்டும் அக்காவைப் பார்த்து, "எங்களுக்குத் தெரியுதும்மா. பார்த்தாலே தெரியுது இது என்ன நோய்னு. ஆனா எழுதறதுக்கு ஒரு நம்பர் வேணும்" என்றார். அனுதாபமாகத்தான் சொன்னார். அந்த அனுதாபத்தை வைத்துக்கொண்டு அக்கா என்ன செய்வார்?

முடிவு ஒரே வரியில் வந்தது. வேலையால் வந்ததென நிறுவப்படவில்லை. எட்டுப் பேருக்கும் அதே வரி. மருத்துவமனை நாற்காலி இந்த மாதக் கடைசிவரை.

மறுநாள் மேஸ்திரி மெஷினில் இருந்தார். இடது கையில் இரண்டு குழாய், ஒன்றில் போகிற ரத்தம், ஒன்றில் வருகிற ரத்தம். மெஷினின் உருளை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீட்டிலேயே சொல்லியிருக்கலாம், வீட்டில் அவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாரோ என்று பயம். இங்கே எழுந்து போக முடியாது. அதை நினைத்தபோது அக்காவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ஏங்க. குழு முடியாதுன்னுடுச்சு."

"நம்பர் கிடைக்கலையா?"

"கிடைக்காதுங்க. அந்தக் கோப்பு போயிடுச்சு."

மேஸ்திரிக்கு இப்போதெல்லாம் ஒரு விஷயம் மண்டைக்குள் போக நேரம் ஆகும். உருளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு எடுத்தது?"

"நான்தாங்க. வேண்டாம்னு பட்டியல்ல கையெழுத்து போட்டது நான். அந்தக் கோப்பையே நான்தான் செஞ்சேன், பத்தொம்போது வருஷத்துக்கு முன்னாடி. தப்பான விவரத்தோட விட்டுட்டேன். அதை வெச்சே நானே தூக்கியும் போட்டுட்டேன்."

பக்கத்து நாற்காலிக்காரர் ரேடியோவைச் சின்னதாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து மேஸ்திரியின் பிரஷரைக் குறித்துக்கொண்டு போனார்.

"அதுல என் பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. ஒரு அறுபது இடத்துல இருந்திருக்கும்."

"நீ பார்க்கலையா?"

"திறந்து பார்க்கலைங்க. மேல எழுதியிருந்ததை மட்டும்தான் பார்த்தேன். கீபோர்டுல ஒரு பட்டன் தட்டியிருந்தா உள்ள தெரிஞ்சிருக்கும். தட்டலை."

மேஸ்திரி வலது கையைத் தூக்கப் பார்த்தார். மணிக்கட்டு கவிழ்ந்து தொடையிலேயே விழுந்தது. அக்காவைத் தொட வந்தாரா, அடிக்க வந்தாரா, அக்காவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

"அன்னைக்கு என்ன அவசரம் உனக்கு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் அக்காவைக் கொன்றது.

இதோ இந்த நாற்காலியிலிருந்து உங்களை இறக்க வந்தேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பாதிப் பாரத்தை அவர் தலையில் ஏற்றி வைத்த மாதிரி ஆகும். அக்கா அதை விழுங்கிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லைங்க. வேலை அதிகமா இருந்துச்சு."

மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று அக்கா நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"முடிவு தெரியும். என்னாலன்னு தெரியாது. கடிதத்துல அது இல்லை. இன்னும் நான் தேடிக்கிட்டிருக்கேன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்காங்க."

"நீயே போய் சொல்லிடு. ஆபீஸ்காரன் வாயால கேட்க வேண்டாம் அவங்க. நாலு மணி வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது. போயிட்டு வா."

ஏழு வீடுகள். தொழிற்சாலைக் குடியிருப்பில் நாலு, பஸ் டிப்போவுக்குப் பின்னால் மூன்று. அக்கா குடியிருப்பிலிருந்து தொடங்கினார். முதல் வீடு இரண்டாவது மாடி. மேஸ்திரியின் கீழே பதினாறு வருடம் அச்சு பிடித்தவருடைய வீடு. அவரால் இப்போது எழுந்து நடக்க முடியாது. படியேறும்போது என்ன சொல்லித் தொடங்குவது என்று அக்கா நாலு விதமாக யோசித்தார், நாலும் உதவவில்லை. கதவைத் தட்டிவிட்டுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நின்றார்.

அவர் மனைவி வந்து கதவைத் திறந்தாள். கையில் சோப்பு நுரை. அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. இரண்டு மாதத்தில் அக்கா அந்த முகம் மலர்ந்து பார்த்ததில்லை.

"வாங்கக்கா, வாங்க!" என்று வழிவிட்டு, உள்ளே திரும்பிப் படுக்கையை நோக்கிச் சத்தமாகச் சொன்னாள்: "ஏங்க, நான்தான் சொன்னேனே! அக்கா எடுத்துட்டு வந்துட்டாங்க பாருங்க."